கார்டின் ஆயுள் பதினோரு மாதம்

வாருங்கள், உள்ளே வாருங்கள். செருப்பு அங்கேயே கிடக்கட்டும், அந்தப் பக்கம் சாரல் அடிக்காது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் காலையில் போன் செய்தது நீங்கள்தானே, ஜெசிந்தா? பாலக்கரையிலிருந்து கே.கே. நகர் வரைக்கும் இந்த மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கார்டு தம்பிக்கா, வீட்டுக்காரருக்கா? உங்களுக்கேவா! அப்படியா. கல்யாண வீடியோ எடிட்டிங். நல்லது, நல்லது. அப்படியானால் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து திரையில் படம் ஓட்டுகிற இந்த கிராபிக்ஸ் கார்டு பற்றி ஓரளவுக்குத் தெரிந்திருக்கும். புரியாத இடத்தில் தயங்காமல் நிறுத்திக் கேளுங்கள், விளக்குகிறேன்.

மணி மூன்றேமுக்கால். ஐந்து மணிக்குத் தில்லைநகர் கடையிலிருந்து ரஃபீக் புதுக் கார்டோடு வருகிறார். அவர் வருவதற்குள் பழையதை உங்களிடம் கொடுத்து முடிக்க வேண்டும். ஆறு மணிக்கு எனக்கு ஆட்டம் இருக்கிறது. அதனால் சுருக்கமாகப் பேசிக்கொள்வோம். நான் வளவளவென்று பேசுகிற ஆள் இல்லை.

ஏன் விற்கிறேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு வருஷம்கூட ஆகாத கார்டை ஒருவன் விற்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் விதியைச் சொல்ல வேண்டும். விதி என்றால் தலைவிதி இல்லை அம்மா. நான் கண்டுபிடித்த விதி.

நான் புள்ளியியல் துறையில் இருக்கிறேன். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, எடைபோட்டுத் தாலுகாவின் மகசூலைச் சொல்கிற வேலை. இருபத்தேழு வருஷம் ஆகிறது. எண்களை வைத்து என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இந்தக் கார்டை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று இன்டர்நெட்டில் கேட்டுப் பாருங்களேன். புது மாடல் வந்த அன்றைக்கே மாற்று என்பான் ஒருவன். ஒரு மாடலைத் தாண்டவிட்டு அடுத்ததை வாங்கு என்பான் இன்னொருவன். புகை வருகிற வரைக்கும் ஓட்டு என்பான் மூன்றாமவன். சைவம், வைணவம் மாதிரி தனித்தனி மதமாகவே நடத்துகிறார்கள், அடிதடி வரைக்கும் போகிறது. ஒருவனாவது அளந்து பார்த்துவிட்டுச் சொன்னானா? கிடையாது. நான் அளந்தேன்.

இதோ நோட்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அதே கேம், அதே கோட்டை வாசல், அதே இடத்தில் நின்றுகொண்டு, திரையில் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று பார்த்து எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தைப் பாருங்கள். நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதினான்கு. நூற்றுப் பதின்மூன்று. பத்து மாதம் கல் மாதிரி நிற்கிறது. பிறகு பாருங்கள், ஒரே வாரத்தில் இருபத்திரண்டு! அடுத்த வாரமும் இருபத்திரண்டு. மெல்ல மெல்ல இறங்கியிருந்தால் வயதாகிறது என்று விட்டுவிடலாம். இது மாடியிலிருந்து விழுந்த மாதிரி விழுகிறது. போன வருஷக் கார்டும் அப்படித்தான். அதற்கு முந்தினதும் அப்படித்தான். மூன்று கார்டு, மூன்று வருஷம், விழுந்தது எப்போது தெரியுமா? மூன்றும் ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

சிரிக்காதீர்கள். நான் மூடநம்பிக்கை பேசவில்லை. பூஜை முடிந்தால் அடுத்து என்ன வருகிறது? தீபாவளி. தீபாவளிக்கு என்ன வருகிறது? தள்ளுபடி. பழைய கார்டு சரியாக அந்த வாரத்தில் படுத்துக்கொள்கிற மாதிரி கம்பெனிக்காரன் உள்ளே ஏதோ செய்து வைத்திருக்கிறான். ஆயுள் பதினோரு மாதம். நான் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன், வரைபடத்தோடு. அதற்கு வந்த பதிலின் முதல் வரி என்ன தெரியுமா? ‘தங்கள் கேபிள் இணைப்புகளைச் சரிபார்க்கவும்.’ அதற்கு மேல் படிக்கவில்லை. ஒரு அரசு அலுவலன் வரைபடம் போட்டு அனுப்புகிறான், நீ கேபிளைப் பார் என்கிறாய்!

காபி சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா. சரி.

எனக்கு இந்த வயதில் எதற்குக் கேம் என்று நினைப்பீர்கள். கேட்காவிட்டாலும் முகத்தில் தெரிகிறது. எனக்கு ஒரே பெண், நன்முல்லை. இந்தக் கம்ப்யூட்டர் அவள் பிளஸ் டூ முடித்த லீவில் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. பிறகு டிசைன் படிக்க அகமதாபாத் போனாள். லேப்டாப் மட்டும் எடுத்துக்கொண்டாள், இதை என்னிடம் விட்டுவிட்டாள். போன் செய்தால் என்ன பேசுவாள்? “சாப்டியா?” “ம்.” “கிளாஸ் எப்படி?” “ம்.” “சரி அம்மாகிட்ட குடுங்க.” ஒரு நிமிஷம் பதினெட்டு நொடி. அதையும் அளந்திருக்கிறேன். ஒரு நாள் அவளே சொன்னாள், “அப்பா, எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?” என்று.

நாலு பேர் ஒரு அணி. பாலைவனத்தில் ஒரு கோட்டை. மற்ற மூன்று பேரும் சுடுவார்கள். எனக்குச் சுட வராது, அதனால் என்னை மருத்துவன் ஆக்கினாள். அடிபட்டு விழுந்தவரிடம் ஓடிப் போய், பத்து நொடிக்குள் எழுப்பிவிட வேண்டும். அதுதான் என் வேலை. அந்த இரண்டு மணி நேரம் ஹெட்போனில் அவள் பேசுவது இருக்கிறதே! “அப்பா, எனக்குப் பின்னாடியே வாங்க”, “அப்பா, குனிங்க குனிங்க”, “சூப்பர்ப்பா!” நடுவில், யாரும் சுடாத நேரத்தில், மெஸ்ஸில் போட்ட சப்பாத்தியைப் பற்றி, கூட இருக்கிற பெண்ணின் குறட்டையைப் பற்றி, ஒரு வாத்தியார் இவள் வரைந்ததைக் கிழித்துப் போட்டதைப் பற்றி. அன்றைக்கு அழுதாள்கூட. போனில் அழுவாளா? மாட்டாள்.

இப்போது நான் நொடிக்கு இருபத்திரண்டு படத்தில் ஓடுகிறேன். ஓடுகிறேன் என்று சொல்லக் கூடாது, நின்று நின்று நிற்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடமிருந்து பத்தடியில் விழுந்தாள். “அப்பா, இங்க. அப்பா... அப்பா!” என்கிறாள். நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறேன், படம் உறைந்து நிற்கிறது. மறுபடி அசையும்போது அவள் செத்திருந்தாள். பிறகு சொல்கிறாள், “அடுத்த வாரம் போட்டிப்பா. ஆறு மணிக்கு. இன்னும் ஒரு தடவை பாக்குறேன், இல்லேன்னா சுபோத்தைச் சேத்துக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க.” சுபோத் அவள் வகுப்புப் பையன். நல்ல பையனாம். இருக்கட்டும். நான் வெளியே போனால் மறுபடியும் ஒரு நிமிஷம் பதினெட்டு நொடிதான்.

அந்தப் போட்டிதான் இன்றைக்கு, ஆறு மணிக்கு. புரிகிறதா, ஏன் அவசரம் என்று?

இந்த வீட்டில் ஒருத்தருக்கும் இதன் தீவிரம் புரியவில்லை. என் மனைவி கோமளா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். இன்றைக்கும் டூட்டி, நாலரைக்கு முடிந்து வந்துவிடுவாள். முதல் வருஷம் எண் விழுந்தபோது என்ன சொன்னாள் தெரியுமா? “எங்க ஆஸ்பத்திரியில மெஷின் ஓடலேன்னா முதல்ல வயரைத்தான் பாக்கச் சொல்லுவாங்க. பூஜைக்குத் துடைச்சீங்களே, மாத்திச் சொருகிட்டீங்களான்னு பாருங்க.” கம்பெனிக்காரனும் அவளும் ஒரே பள்ளிக்கூடம். நான் உட்கார வைத்து விளக்கினேன், முக்கால் மணி நேரம். கோமளா, வயர் என்பது அரசாங்கப் படிவம் மாதிரி இல்லை, எங்கே வேண்டுமானாலும் எழுதி வைக்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. எந்தத் துளையில் பொருந்துகிறதோ அதுவே அதன் இடம், வேறு இடத்தில் போகவே போகாது. இதில் தப்பு செய்ய வழியே வைக்கவில்லை. அவள் கொட்டாவி விட்டுவிட்டு, “சரி, கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவாவது எடுத்து வெச்சுக்குங்க” என்றாள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை. புரிந்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் வேறொன்று செய்கிறாள். இதைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நான் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திருப்பி வைத்து, வயர்களையெல்லாம் உருவி, பிரஷ்ஷால் தூசு தட்டி, சந்தனம் குங்குமம் வைப்பதற்குத் தயார் செய்வேன். போன வருஷம் திருப்பினால், பின்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பொட்டு! பொட்டு முகத்தில் வைப்பார்களா, முதுகில் வைப்பார்களா? “என்ன கோமளா இது?” என்றால், “அது பாட்டுக்கு அங்க இருக்கு. உங்களை என்ன பண்ணுது?” என்கிறாள். ஈரத் துணியால் துடைத்துவிட்டு முன்பக்கம் நடுவில் லட்சணமாக ஒன்று வைத்தேன். இந்த வருஷமும் அதே மாதிரி பின்பக்கம். அதுவும் ஐம்பது பைசா அகலத்துக்கு! அதையும் துடைத்தேன். பூஜை என்றால் ஒரு முறை இருக்கிறது இல்லையா?

சரி, கார்டுக்கு வருவோம். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கேமுக்கு இது செத்துவிட்டது. உங்கள் எடிட்டிங்குக்கு ஓடலாம். இதற்கு முன்பு இரண்டு கார்டு விற்றேன், வாங்கிய இரண்டு பேருமே போன் செய்து நன்றி சொன்னார்கள். புதுசு மாதிரி ஓடுகிறதாம். ஒருவர் கும்பிடாத குறை. அவர்கள் சின்னச் சின்னக் கேம் விளையாடுகிறவர்களாக இருக்கும். ஆனால் ஒன்று, நான் கார்டை வைத்துக்கொள்கிற அழகை வேறு எங்கேயும் பார்க்க மாட்டீர்கள். இரண்டு மணி நேரம் விளையாடினாலும் சூடு ஏறாது. கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். முன்பெல்லாம் ஆட்டம் ஆரம்பித்தால் இதன் விசிறி உறுமும். பூஜையிலிருந்து ஒரு மூச்சுக்கூட இல்லை. வயதானால் அடங்கிப் போகிறது பாருங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஓட்டிக் காட்ட வேண்டுமா? தாராளமாக. வாங்குகிறவர் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ரஃபீக் வருவதற்கு முன்னால் எப்படியும் எல்லா வயரையும் நானே உருவித் துடைத்து வைத்துவிடுவேன், எப்போதும் அப்படித்தான். அவர் வந்து தூசியில் கையை விடக் கூடாது. அதற்கு முன்னால் ஒரு தடவை ஓடட்டும். இதோ கோட்டை வாசல். மூலையில் எண் தெரிகிறதா? இருபத்திரண்டு. நான் சொன்னேனா இல்லையா?

பின்பக்கம் எதற்கு? அங்கே என்ன இருக்கிறது? சரி, டார்ச்சுக்கு என் போன், இந்தாருங்கள். ஆமாம், மானிட்டர் வயர் மேலே இருக்கிற துளையில் இருக்கிறது. மேலே துளை இருக்கும்போது எதற்குக் கீழே குனிய வேண்டும்? கீழேயும் அதே மாதிரி நாலு துளை உண்டு, தெரியும், அது உபரி. தூசு போகக் கூடாது என்று நாலுக்கும் ரப்பர் மூடி போட்டிருக்கிறேன். அந்த மூடி கார்டோடு டப்பாவிலேயே வரும், பெரும்பாலானவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இல்லை இல்லை, அதைப் பிடுங்காதீர்கள்! அம்மா! திரை போய்விட்டது பாருங்கள். ஆறு மணிக்கு எனக்கு... மூடியை ஏன் கழற்றுகிறீர்கள்? அதில் போகாது. போகாது என்று சொல்கிறேன் இல்லையா.

போய்விட்டது.

அது பொருந்தியது வேறு விஷயம். ஒரே வடிவத்தில் இரண்டு இடத்தில் துளை வைக்கிறவனை என்னவென்று சொல்வது? படம் வந்துவிட்டது, சரி. இருங்கள். அது என்ன சத்தம்? விசிறியா?

நூற்றுப் பதினாறு.

ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் இருங்கள். மழையில் அறை குளிர்ந்திருக்கிறது, அதனால்கூட எண் ஏறலாம். ஒரு அளவீட்டை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. மறுபடி மேலே மாற்றுங்கள், பார்க்கலாம். ...இருபத்திரண்டு. கீழே? ...நூற்றுப் பதினைந்து. இன்னொரு தடவை. வேண்டாமா? போதும் என்கிறீர்களா. சரி, போதும்.

திரும்பச் சொல்லுங்கள், மெதுவாக. மேலே இருப்பது, கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையான மதர்போர்டின் துளை. கார்டின் துளை கீழே. மேலே சொருகினால் கார்டு ஒரு வேலையும் செய்யாது, மதர்போர்டே தன்னால் முடிந்த படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். சூடாகாமல். விசிறி சுற்றாமல்.

அப்படியானால் முதல் கார்டு, நன்முல்லை வாங்கியது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதும். வாங்கிய ஆள் கும்பிடாத குறையாக நன்றி சொன்னது அதற்குத்தான். ரஃபீக் வந்து புதுசை மாட்டும்போது கீழே சொருகிவிட்டுப் போகிறார், நான் பூஜைக்கு உருவி மேலே சொருகுகிறேன். பதினோரு மாதம். என் நோட்டில் இருப்பது கார்டின் ஆயுள் இல்லை, நான் தூசு தட்டுகிற தேதி.

நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாமே அம்மா. விலை போனிலேயே பேசி முடித்தாகிவிட்டது. நல்ல கார்டு, பாதி விலை. வாயைத் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். இந்த மழையில் வந்துவிட்டு வெறும் கையோடு... என்ன சொன்னீர்கள்? “உங்க பொண்ணு பத்தடியில விழுந்து கிடந்தான்னு சொன்னீங்களே சார்.” ஆமாம். சொன்னேன்.

கம்ப்யூட்டரில் ஏதோ மணி அடிக்கிறது. அவள்தான், சீக்கிரமே வந்துவிட்டாள். ‘கார்டு வந்துச்சாப்பா?’ என்று கேட்டிருக்கிறாள். என்ன எழுதுவது? ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று எழுதுகிறேன். பொய் இல்லையே. இனி ரஃபீக்கை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். என்ன காரணம் சொல்வது? புதுக் கார்டை நீங்களே எடுத்துக்கொள்கிறீர்களா? நான் பேசி விலை குறைத்துத் தரச் சொல்கிறேன், அவர் எனக்குப் பழைய பழக்கம். மூன்று வருஷப் பழக்கம். இல்லையா, அவ்வளவு பணத்துக்கு வழி இல்லையா. சரி, அது உங்கள் விருப்பம். அடுத்த வருஷம் பூஜைக்கு முன்னால் ஒரு போன் செய்கிறேன். இல்லை, விற்பதற்கு இல்லை. வந்து வயரை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் போதும்.

இது என்ன? எங்கே? டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்கள். கார்டின் தகட்டில், அந்தத் திருகுக்குப் பக்கத்தில் சிவப்பாக. துரு இல்லை. துரு இந்த நிறத்தில் இருக்காது. குங்குமம். நான் துடைத்தபோது இடுக்கில் தங்கியிருக்கிறது.

பின்பக்கம், கீழே.

போன வருஷம் ரஃபீக் வந்து மாட்டியபோது அவள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு இதில் என்ன புரியப் போகிறது, ஏன் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

வாசலில் கேட் சத்தம் கேட்கிறதா? அவள் ஸ்கூட்டர்தான். மணி நாலே முக்கால். ரெயின்கோட்டைக் கழற்றி உதறி மாட்டிவிட்டு வர மூன்று நிமிஷம் ஆகும். அம்மா, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கார்டைப் பார்க்க வந்தீர்கள், பிடிக்கவில்லை, கிளம்புகிறீர்கள். அவ்வளவுதான். நூற்றுப் பதினாறு என்ற எண்ணை நீங்கள் பார்க்கவே இல்லை. அந்த அலமாரியில் குங்குமச் சிமிழ் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள். அவள் உள்ளே வருவதற்குள் பொட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன், ஐம்பது பைசா அகலத்துக்கு. துடைக்கவே இல்லை என்பது போல இருக்கட்டும்.

எந்தத் துளைக்கு நேராக வைக்க வேண்டும், காட்டுங்கள். சீக்கிரம். இரண்டு முறை துடைத்தவன் நான்தான், ஆனால் அவள் அதை எங்கே வைத்திருந்தாள் என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.